துண்டுப் பங்கின் பழைய கதை: ஒரு கம்பனி, இரண்டு புத்தகங்கள்

ஒரு பங்கை முழுசாக வாங்கக் காசில்லாட்டில் அதில் ஒரு துண்டை வாங்கலாம் எண்டது, கைபேசிச் செயலிகள் வந்த பிறகு கண்டுபிடிச்ச விசயம் எண்டுதான் எங்களில் கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கிறம். அமெரிக்காவின் பெரிய தரகு நிறுவனங்கள் 2019, 2020 ஆண்டுகளில் இதைப் பரவலாக்கின. ஐந்து டொலர் கையில் இருந்தால் உலகின் மிகப் பெரிய கம்பனி ஒன்றில் ஒரு துண்டு உங்களுடையது. இப்ப அந்தப் பேச்சு எங்கட ஃபோன் திரைகளுக்கும் வந்து சேர்ந்திட்டுது.

ஆனால் இந்த எண்ணத்துக்கு வயசு முந்நூறு வருசத்துக்கும் மேல. அது பிறந்த இடம் ஒல்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம். அதைப் பெற்றெடுத்த கம்பனியும் எங்களுக்கு அந்நியமில்லை. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணக் கோட்டையில் கொடி ஏற்றி வைத்திருந்த அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான்.

அந்தக் கம்பனியின் கதையைப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரியுது. "சின்னப் பங்கு" எண்ட ஒரே பெயரில் தொடக்கத்திலிருந்தே இரண்டு வேறுவேறு சாமான்கள் விற்கப்பட்டு வந்திருக்கு. ஒன்றில் வாங்கினவருடைய பெயர் ஒரு புத்தகத்தில் ஏறும். மற்றதில் ஏறாது. இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் காசு போட்டவர்கள் அப்பவும் அடிபட்டார்கள், இப்பவும் அடிபடுகிறார்கள்.

1602: எவரும் எவ்வளவும்

அதுக்கு முதல் ஒல்லாந்து வணிகர்கள் கிழக்கே கப்பல் அனுப்பியது ஒவ்வொரு பயணமாக. ஒரு பயணத்துக்குச் சிலர் சேர்ந்து காசு போடுவார்கள். கப்பல் மிளகோடு திரும்பினால் சரக்கை விற்றுப் பிரித்துக்கொண்டு கணக்கை மூடுவார்கள். 1602 மார்ச் 20 அன்று ஒல்லாந்தின் அரசுச் சபை, ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டிருந்த இந்த வணிகக் குழுக்களை ஒரே கம்பனியாகச் சேர்த்து ஒரு பட்டயம் கொடுத்தது. ஆம்ஸ்டர்டாம், சீலாந்து, டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹௌசன் என ஆறு கிளைகள். இப்ப காசு ஒரு பயணத்துக்கானதில்லை, பல வருசங்களுக்கானது.

அந்தப் பட்டயத்தில் ஒரு பிரிவு முக்கியம். நாட்டில் குடியிருக்கிற எவரும் பங்கு எடுக்கலாம். கூடியது இவ்வளவு, குறைஞ்சது இவ்வளவு எண்ட எல்லை இல்லை.

ஆம்ஸ்டர்டாம் கிளையின் பேரேடு, கம்பனியின் பணிப்பாளர்களில் ஒருவரான டிர்க் வான் ஒஸ் என்பவரின் வீட்டில் திறந்து வைக்கப்பட்டது. ஓகஸ்ட் 31 நள்ளிரவோடு அது மூடப்பட வேண்டும். மூடும்போது அதில் 1,143 பதிவுகள் இருந்தன. பெரிய வணிகர்கள் பத்தாயிரக்கணக்கான கில்டர் எழுதினார்கள். ஆறு கிளைகளிலும் சேர்ந்த மொத்த முதல் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர்.

அந்தப் பேரேட்டில் நீல்ட்கென் கோர்னெலிஸ் எண்ட ஒரு பெயரும் இருக்கு. அதே வீட்டில் வேலை செய்த பணிப்பெண் அவர். கடைசி நாட்களில், வீட்டுக்கு வந்து போன வணிகர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தானும் 100 கில்டர் எழுதினார். ஒரு பணிப்பெண்ணுக்கு அது பல மாதச் சம்பளம். எங்க்ஹௌசன் நகரில், நகரத் தலைவர்களுக்கு ஏவலாளாக இருந்த பீட்டர் ஹார்மென்ஸ் 150 கில்டர் போட்டார். அவர் தவணையைக் கட்டி முடித்ததுக்கு 1606 செப்ரெம்பர் 9 திகதியிட்டுக் கொடுத்த பத்திரம் 2010இல் ஹோர்ன் நகர ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. இப்ப உலகில் கிடைத்திருக்கிற மிகப் பழைய பங்குப் பத்திரம் எண்டு சொல்லப்படுவது அதுதான். ஒரு பிரபுவின் பத்திரமில்லை, ஒரு நகரசபை ஏவலாளின் பத்திரம்.

நீல்ட்கெனின் 100 கில்டர் சின்னதுதான். ஆனால் அது உண்மையான பங்கு. பெரிய வணிகருடைய பெயர் இருந்த அதே பேரேட்டில் அவர் பெயரும் இருந்தது. பங்கிலாபம் வந்தால் இருவருக்கும் ஒரே வீதத்தில்தான் வரும். விற்க விரும்பினால் வாங்குபவரோடு கம்பனிக் கந்தோருக்குப் போகவேண்டும். கணக்கப்பிள்ளை ஒரு பெயரிலிருந்து கழித்து மற்றப் பெயரில் சேர்ப்பார். இரண்டு பணிப்பாளர்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். (கந்தோர் எண்ட எங்கட சொல்லே ஒல்லாந்தரிடமிருந்து வந்ததுதான்.)

பங்கு உண்மையானது எண்டதால் எல்லாம் நல்லா நடந்தது எண்டு அர்த்தமில்லை. முதல் பங்கிலாபம் 1610இல்தான் வந்தது. அதுவும் காசாக இல்லை. முதலில் 75 வீதத்துக்கு ஈடாகச் சாதிபத்திரி கொடுத்தார்கள். 100 கில்டர் போட்டவருக்கு, கம்பனியே போட்ட விலையில், 75 கில்டர் பெறுமதியான சாதிபத்திரி. பெரிய வணிகர் அதை விற்கத் தெரிந்தவர். வீட்டு வேலை செய்கிறவர் அதை வைத்து என்ன செய்வார்? பத்து வருசத்தில் முழுக் கணக்கும் காட்டி, விரும்பினவர் காசைத் திருப்பி எடுக்கலாம் எண்டு பட்டயம் சொல்லியிருந்தது. 1612 வந்தபோது கம்பனி அரசிடம் பேசி அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. பங்குக்காரர் கேள்வி கேட்க வழியில்லை. வெளியேற விரும்பினால் வேறொருவருக்கு விற்கிறது மட்டும்தான் வழி. பங்குச் சந்தை வளர்ந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

1680கள்: பத்தில் ஒரு பங்கு

எண்பது வருசம் கழித்து நிலைமை மாறிவிட்டது. ஆம்ஸ்டர்டாம் சந்தையில் ஒரு பங்கு எண்டால் 3,000 கில்டர் முகப்பெறுமதி எண்டு வழக்கமாகிவிட்டது. விலையை முகப்பெறுமதியின் வீதமாகச் சொல்வார்கள். 1688இல் அது 500 வீதத்தைத் தாண்டியது. அதாவது ஒரு பங்கு 15,000 கில்டருக்கு மேல். ஒரு கைவினைஞரின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 300 கில்டர். ஐம்பது வருசம் ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால்தான் ஒரு பங்கு. 1602இல் பணிப்பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு, எவரும் பூட்டாமலே பூட்டிக்கொண்டது.

அப்பதான் "டுக்கட்டன் பங்கு" வந்தது. முழுப் பங்கில் பத்தில் ஒன்று, அதாவது 300 கில்டர் முகப்பெறுமதி. விலை ஒரு வீதம் ஏறினாலோ இறங்கினாலோ வித்தியாசம் 3 கில்டர். டுக்கட்டன் எண்ட வெள்ளி நாணயத்தின் பெறுமதியும் கிட்டத்தட்ட அதுதான், 3 கில்டரும் 3 ஸ்டைவரும். பெயர் வந்தது அதனால்தான்.

கேட்க இண்டைய துண்டுப் பங்கு மாதிரியே இருக்கு, இல்லையா? ஆனால் டுக்கட்டன் வாங்கினவரின் பெயர் கம்பனியின் பேரேட்டில் ஏறவே இல்லை. அப்படியொரு பங்கு கம்பனிக் கணக்கில் இல்லை. ஒருவர் ஏறும் எண்டார், மற்றவர் இறங்கும் எண்டார். ஒரு காசாளர் இரண்டு பேரையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மாதத்தின் முதல் நாள் விலை பார்த்து, தோற்றவர் வென்றவருக்கு வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். 500இல் எடுத்தது 510க்குப் போனால் பத்து டுக்கட்டன் இலாபம். 490க்கு இறங்கினால் பத்து டுக்கட்டன் நட்டம். பத்து டுக்கட்டன் எண்டால் அந்தக் கைவினைஞரின் ஒரு மாத வருமானத்தைவிடக் கூட.

இதையெல்லாம் நாங்கள் அறியிறது ஜோசப் டி லா வேகா எண்டவரின் புத்தகத்தால். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த யூதர். 1688இல் "குழப்பங்களின் குழப்பம்" எண்ட பொருள்படும் தலைப்பில் ஸ்பானிய மொழியில் எழுதினார். ஒரு தத்துவவாதி, ஒரு வணிகர், ஒரு பங்குக்காரர் ஆகிய மூவரும் பேசிக்கொள்ளும் உரையாடலாக அது இருக்கு. பங்குச் சந்தையைப் பற்றி உலகில் வந்த முதல் புத்தகமாக அதைத்தான் சொல்வார்கள்.

அதே 1688இன் கோடை முடியும்போது யுத்த வதந்தி பரவியது. ஒரேஞ் இளவரசர் வில்லியம் இங்கிலாந்துக்குப் படை கொண்டுபோக ஆயத்தமாகிறார் எண்டு கதை. பங்கு விலை சடாரென்று சரிந்தது. இங்கதான் இரண்டு சாமானுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வரும். கடனில்லாமல் முழுப் பங்கு வைத்திருந்தவருக்கும் கவலைதான், ஆனால் அவர் பொறுத்திருக்கலாம். பேரேட்டில் பெயர் அப்படியே இருக்கு. அடுத்த பங்கிலாபம் வரும், ஒரு நாள் விலையும் திரும்பலாம். டுக்கட்டன்காரரால் பொறுக்க ஏலாது. முதலாம் திகதி வந்தால் காசு வைக்கவேண்டும். விலை நாலு மாதத்தில் திரும்பி ஏறினாலும் அவருக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

சின்னக் காசுக்காரருக்கு இருக்கிற ஒரே பலம் பொறுமை. டுக்கட்டன் அவரிடமிருந்து முதலில் எடுத்தது அதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் இருந்த மற்றப் புத்தகம்

பேரேட்டில் பெயர் இருந்தவர்களுக்குப் போன இலாபம் எங்கயிருந்து வந்தது எண்டும் பார்க்கவேணும். 1610இல் பங்கிலாபமாகக் கொடுத்த சாதிபத்திரி விளைந்தது பண்டாத் தீவுகளில். 1621இல் யான் பீட்டர்ஸூன் கூன் தலைமையில் கம்பனிப் படை அந்தத் தீவுகளைப் பிடித்தது. ஏறத்தாழ 15,000 பேர் இருந்த இடத்தில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அடிமையாகக் கொண்டுபோகப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள்.

1658 யூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து கம்பனியின் கைக்கு வந்தது. வன்னியில் பிடித்த யானைகள் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்து கப்பலேற்றி விற்கப்பட்டன. மன்னார்க் கடலின் முத்து, சங்கு, துணிக்குச் சிவப்புச் சாயமேற்றும் சாயவேர், எல்லாவற்றிலும் கம்பனியின் கை இருந்தது. இதோடு தலைவரி, நிலவரி. சில சாதியினர் ஆண்டுக்குக் குறித்த நாட்கள் கூலியில்லாமல் கம்பனிக்கு ஊழியம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் அதுக்குப் பதிலாகக் காசு கட்டவேண்டும்.

வரி அறவிடுகிறதுக்கும் ஒரு புத்தகம் தேவை. போர்த்துக்கேயர் தொடங்கி வைத்த தோம்பை ஒல்லாந்தர் திருத்தி, விரித்து எழுதினார்கள். எந்தக் காணி, எவருடையது, எவ்வளவு விஸ்தீரணம், எவ்வளவு கட்டவேண்டும் எண்டு அதில் பதிவு. எங்கட பக்கத்துப் பழைய காணி உறுதிகளில் தோம்பு எண்ட சொல் இருக்கிறது இதால்தான்.

ஆக, ஒரே கம்பனி இரண்டு புத்தகம் வைத்திருந்தது. ஆம்ஸ்டர்டாம் பேரேட்டில் உங்கட பெயர் இருந்தால் கம்பனி உங்களுக்குத் தரவேண்டும். யாழ்ப்பாணத் தோம்பில் உங்கட பெயர் இருந்தால் நீங்கள் கம்பனிக்குத் தரவேண்டும். நீல்ட்கென் கோர்னெலிஸ் ஒரு ஏழைப் பணிப்பெண். அவர் எவரையும் சுரண்ட நினைத்து 100 கில்டர் போடவில்லை. ஆனால் பங்கு சின்னது எண்டதால் மற்றப் புத்தகம் இல்லாமல் போகவில்லை.

அந்தக் கம்பனிக்கும் முடிவு வந்தது. 1780இல் தொடங்கிய ஆங்கிலேயருடனான யுத்தத்தில் கப்பல்களையும் சரக்கையும் இழந்து கடனில் மூழ்கியது. 1795 செப்ரெம்பரில் யாழ்ப்பாணம் ஆங்கிலேயரிடம் போனது. 1799 டிசெம்பர் 31ஓடு கம்பனியின் பட்டயம் முடிந்தது. பேரேட்டில் பெயர் இருந்தவர்களுக்கும் அப்போது கையில் பெரிசாக ஒன்றும் மிஞ்சவில்லை. பெயர் ஏறினால் உரிமை கிடைக்கும். இலாபம் கிடைக்கும் எண்டு எந்தப் புத்தகமும் எழுதித் தராது.

1774, 1996: துண்டு போட இன்னும் இரண்டு வழிகள்

1772இல் ஆம்ஸ்டர்டாமில் வங்கி நெருக்கடி வந்து பல வணிக வீடுகள் கவிழ்ந்தன. இரண்டு வருசம் கழித்து ஆப்ரகாம் வான் கெட்விச் எண்ட தரகர் வேறொரு யோசனையோடு வந்தார். ஒரே கம்பனியின் பங்கைத் துண்டாக்காமல், பல இடங்களின் கடன் பத்திரங்களை ஒன்றாகச் சேர்த்து, அந்தத் தொகுதியைத் துண்டாக்கினார். 500 கில்டர் வீதம் 2,000 துண்டுகள். "ஒற்றுமையே பலம்" எண்ட பொருள்படும் பெயர் வைத்தார். ஒரு பத்திரம் கவிழ்ந்தாலும் முழுக் காசும் போகாது எண்டதுதான் இதின்ர அடிப்படை. இண்டைய பரஸ்பர நிதி, எங்கட நாட்டு யூனிட் ட்ரஸ்ட் எல்லாம் இதின்ர பேரப்பிள்ளைகள். இங்கயும் மற்றப் புத்தகம் இருக்கு. அந்தத் தொகுதியில் கரீபியன் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொடுத்த கடன்களும் இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகள்.

இரண்டாவது கதை கிட்டடியில் நடந்தது. 1990களின் நடுவில் வாரன் பஃபெட்டின் பேர்க்சயர் ஹதவே கம்பனியின் ஒரு பங்கு 30,000 டொலரைத் தாண்டிவிட்டது. அதை வாங்கித் துண்டு போட்டு, மேலே கட்டணமும் வைத்துச் சின்ன ஆக்களுக்கு விற்கச் சிலர் ஆயத்தமானார்கள். பஃபெட் முந்திக்கொண்டார். 1996இல் முப்பதில் ஒரு பங்குப் பெறுமதியோடு "பி" வகுப்புப் பங்குகளைக் கம்பனியே வெளியிட்டது. 2010இல் அதை இன்னும் ஐம்பதாகப் பிரித்தார்கள். பெயர் கம்பனிப் புத்தகத்திலேயே ஏறும், இடையில் துண்டு போடுகிறவருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வாக்குரிமை மட்டும் அந்த அளவுக்கு இல்லை. "பி" பங்கின் வாக்கு, அதன் பெறுமதியின் விகிதத்தைவிடக் குறைவு.

இப்ப

செயலிகளில் விற்கிற துண்டுப் பங்கு இந்தப் பழைய சாமான்களில் எது? பதில் செயலிக்குச் செயலி வேற. சிலவற்றில் தரகர் முழுப் பங்கைத் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, உங்கட துண்டைத் தன் கணக்கில் எழுதுவார். இது அரைவாசி நீல்ட்கென். பங்கிலாபம் விகிதப்படி வரும், ஆனால் அந்தத் துண்டை வேறு தரகரிடம் மாற்ற அனேகமாக ஏலாது, வாக்குரிமையும் பல இடங்களில் இல்லை. வேறு சிலவற்றில் நீங்கள் "வாங்கு" எண்டு அழுத்தும்போது பங்கே வாங்கப்படுகிறதில்லை. விலை வித்தியாசத்தில் மட்டும் ஒரு ஒப்பந்தம். சீ.எஃப்.டி. எண்டு சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது அப்பட்டமான டுக்கட்டன். அதிலும் கடன் சேர்த்துப் பெருப்பித்துத் தருவார்கள். விலை கொஞ்சம் எதிராகப் போனாலே கணக்கு தானாக மூடப்படும். பொறுத்திருக்க நேரமே இல்லை.

"இவ்வளவு போடு, இரண்டு பேரைச் சேர், மாதாமாதம் இவ்வளவு வரும்" எண்டு ஊருக்குள் வாறது டுக்கட்டன்கூட இல்லை. டுக்கட்டனுக்குப் பின்னால உண்மையான ஒரு பங்காவது இருந்தது. இதில் புதுசாகச் சேர்கிறவரின் காசு பழையவருக்குப் போகிறது, அவ்வளவுதான். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு இந்தக் கூம்பக முறையைத் தடைசெய்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு காசு கரைஞ்சு போன வீடுகளில் இந்தக் கதை எடுபடுகிறது விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் போன காசு திரும்பி வராது.

உண்மையில் கொழும்பில் பங்கைத் துண்டாக்கவே தேவையில்லை. நூறு ரூபாவுக்குக் குறைஞ்ச விலையில் கன பங்குகள் இருக்கு. வாங்கினால் தரகரின் கணக்கில் மட்டுமில்லை, 1991இல் தொடங்கின சீ.டீ.எஸ். எண்ட மத்திய வைப்பகத்தில் உங்கட பெயரிலேயே பதிவு இருக்கும். அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாம் பேரேட்டின் வேலையை இப்ப செய்கிறது அதுதான். ஒரு தரகர் உங்களுக்குப் பங்கு வாங்கினதாகச் சொன்னால், அங்கே பதிவு இருக்கா எண்டு நீங்களே பார்க்கலாம். யூனிட் ட்ரஸ்ட் எண்டால் அதுக்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழுவின் அனுமதி இருக்கா எண்டு பார்க்கலாம். ஒரு பின்னேர வேலைதான்.

அதோடு மற்றப் புத்தகத்தையும் ஒருக்காத் திறந்து பார்க்கலாம். கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் 1896இல் தொடங்கினதே தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டத்தான். இண்டைக்கும் பெருந்தோட்டக் கம்பனிகள் அந்தச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கு. சில நூறு ரூபாவோடு எவரும் அதில் பங்குக்காரர் ஆகலாம். அதே கம்பனிகளின் தோட்டங்களில் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக மலையகத் தொழிலாளர் பல வருசம் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அங்கே ஒரு நாள் வேலையைக் கணக்கெடுக்கிற செக்ரோலில் "பேர்" எண்டுதான் எழுதுவார்கள். சொன்ன நிறைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்.

பங்கு வாங்காதீங்கோ எண்டு சொல்ல இதை எழுதவில்லை. சேமிப்பைப் பணவீக்கம் தின்னுகிற நாட்டில் சின்னக் காசுக்கும் ஒரு வழி வேணும். பங்குக்காரர் கம்பனியின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கலாம், பொதுக்கூட்டத்துக்குப் போகலாம், தொழிலாளருக்கு என்ன கொடுக்கிறீர்கள் எண்டு கேட்கலாம். 1612இல் எவருக்கும் இல்லாத உரிமை அது. ஒரு முழுப் பங்கு உங்கட பெயரில் இருந்தால் போதும், அந்தக் கூட்டத்துக்குள் உங்களை விடவேணும். டுக்கட்டன் வைத்திருப்பவரை வாசலுக்கும் கூப்பிட மாட்டார்கள்.